குளிகை நேரத்துக் காப்பி

அந்தக் காப்பி மெஷினை வாங்கிவிடலாம் என்று சொல்லத் தமயந்தி வாயைத் திறந்த நேரம் பார்த்துக் குளிகை பிறந்துவிட்டது. பிறந்ததை அறிவித்தவர் அவள் கணவர் ராஜமாணிக்கம். சர்வீஸ் முழுவதும் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி எதுவும் தன்னைக் கேட்டுப் புறப்படாத இந்தக் காலத்திலும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை. "இப்ப வேணாம் தமயந்தி, குளிகை வந்துட்டுது," என்றார், அழைக்காத விருந்தாளி படியேறி வந்துவிட்ட மாதிரி. அதற்குமேல் என்ன பேச முடியும்? குளிகையில் செய்த காரியம் திரும்ப நடக்கும். நகை வாங்கினால் மறுபடி நகை சேரும், கடன் வாங்கினால் மறுபடி கடன் சேரும், பிணம் எடுத்தால் மறுபடி ஒரு பிணம் விழும். அதனால்தான் சாவு வீட்டில்கூடக் குளிகை போகட்டும் என்று பாடையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். "இம்மாம் பெரிய செலவ ரெண்டாந்தரம் வேற பண்ணணுமா?" என்று அவர் கேட்க, தில்லைநகர் வீட்டுச் சாமான் கடையின் முதல் மாடியில், காப்பி மெஷினுக்கு எதிரே, விற்பனைக்குப் போட்டிருந்த உறை பிரிக்காத சோபாவில் இருவரும் உட்கார்ந்தார்கள். சோபா ஒரு பெருமூச்சு விட்டது. "குளிகை எப்ப சார் முடியும்?" என்று கேட்டாள் பிரிஸ்கில்லா என்ற அந்த விற்பனைப் பெண். "பன்னெண்டுக்கு." "அப்ப பன்னெண்டுக்குப் பில் போட்டுரலாம் சார்." "பன்னெண்டுக்கு ராகு காலம் பொறந்துரும்மா, இன்னிக்குப் புதன்ல." "ராகு காலம் முடிஞ்சு?" "அது முடியறப்ப பசி பொறந்துரும். இன்னொரு நாள் வந்து பாத்துக்கறோம்." பிரிஸ்கில்லாவின் முகம் போன போக்கைப் பார்த்துத் தமயந்திக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இன்னொரு நாள் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். மாடிப்படிக்குக் கைப்பிடி போடுவதும், ராமேஸ்வரம் போவதும், கொல்லைக் கதவை மாற்றுவதும் எல்லாம் இன்னொரு நாளில்தான் இருக்கின்றன. இன்னொரு நாள் என்ற ஊருக்கு அவர் டிப்போவிலிருந்து ஒரு பஸ்கூடப் போனதில்லை.

எதிரே மெஷின் நின்றது. வைத்திருந்தது என்று சொல்ல மனசு வரவில்லை, அதன் தோரணை அப்படி. முழுக்க எஃகு, தலையில் காப்பிக்கொட்டை போட ஒரு கண்ணாடிக் கூடை, நெஞ்சில் வட்டத்துக்குள் ஒரு முள், கீழே மூக்கு. இத்தாலியில் செய்தது. விலையைக் கேட்டபோது ராஜமாணிக்கம் 'ஆ' என்றுகூடச் சொல்லவில்லை. அந்த விலைக்குச் சுமாரான பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி, அதில் ஊர் ஊராகப் போய்க் கடைக் காப்பியாகக் குடித்துத் தீர்க்கலாம் என்று அவர் நெற்றியில் ஓடியதைத் தமயந்தி வாசித்தாள். தப்பில்லை. ஒரு காப்பிக்காகவா இவ்வளவு? வீட்டில் பித்தளை பில்டர் இருக்கிறது. அது கெட்டுப்போகவே போகாது, கெடுவதற்கு அதில் என்ன இருக்கிறது, இரண்டு பாத்திரம், நாலு ஓட்டை. இதில் கெடுவதற்கு எவ்வளவோ இருக்கும். கெட்டால் யாரைக் கூப்பிடுவது, இத்தாலிக்காரனையா? ஆனால் இந்தப் பெண் சொன்னாளே. "வாரண்டி அஞ்சு வருஷந்தான்மா. ஆனா ஆயுசுக்கும் உழைக்கும்." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் துணியை எடுத்து மெஷினின் மூக்கைத் துடைக்கப் போய்விட்டாள். ஆயுசு என்ற சொல் மட்டும் தமயந்தியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. யார் ஆயுசுக்கு? மெஷினின் ஆயுசுக்கா? அது என்ன பேச்சு, தன் ஆயுசுக்கு எதுவும்தான் உழைக்கும், ஈசல்கூட. அப்படியானால் வாங்குகிறவர் ஆயுசுக்கு. சரி, அப்போது மெஷின் கெட்டியா என்று நாம் கேட்கிற மாதிரி மெஷினும் கேட்கலாம் அல்லவா? அம்மா, நீங்கள் எத்தனை வருஷம் உழைப்பீர்கள், உங்களுக்கு வாரண்டி உண்டா, உதிரி பாகம் கிடைக்குமா? கிடைக்காது தாயே. ஒரு பாகத்தை எடுத்தாகிவிட்டது. அதற்குப் பதிலாகப் பஞ்சு வைத்துத் தைத்த ஒன்று இந்த நிமிஷம் ரவிக்கைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கிறது. மறுபடியும் சிரிப்பு வந்தது. வரக்கூடாத இடத்தில் வருகிற சிரிப்பு, அடக்க அடக்கத் தோள் குலுங்குகிற சிரிப்பு. "என்ன?" என்றார் ராஜமாணிக்கம். "ஒண்ணுமில்ல," என்றாள்.

காலையிலிருந்தே இப்படித்தான், சிரிப்பு ஓர் ஓரத்தில் பால் மாதிரி பொங்கிக்கொண்டே இருக்கிறது, அடுப்பைத் தணிக்கத்தான் ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் ஆரம்பித்தது. டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார், புடவைத் தலைப்பில் துடைத்தார், மாட்டினார், அந்த நேரம் முழுவதும் தமயந்தி மூச்சு விட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. "அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. சுத்தமா இருக்கு. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை முகத்தைக் காட்டினாப் போதும்," என்றார். "அப்ப ஆறு மாசத்துல வரணுமே?" என்று கேட்டவர் ராஜமாணிக்கம். "வேண்டாம்." "நடுவுல ஒரு ரத்த டெஸ்ட்?" "வேண்டாம்ங்க." "அந்த வெள்ளை மாத்திரை?" "அதையும் நிறுத்திடலாம்." ஒவ்வொரு வேண்டாமும் முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்குவது போல இருந்தது, கடைசி மூட்டை இறங்கியபோது எழுந்து நிற்கக் கால் எதிர்பார்த்ததைவிட லேசாகிவிட்டது, அந்த லேசில் வாய் தவறிவிட்டது. "வரேன் டாக்டர்," என்றாள். எங்கே போனாலும் போகிறேன் என்று சொல்லாமல் வருகிறேன் என்று சொல்லிப் பழகிய வாய். ஆனால் அப்படிச் சொல்லக்கூடாத இடங்கள் இருக்கின்றன, சாவு வீடு ஒன்று, ஆஸ்பத்திரி ஒன்று. கதவுப் பிடியில் கை வைத்தபடி ராஜமாணிக்கம் அப்படியே நின்றுவிட்டார். "போறேன்னு சொல்லு," என்றார் பல்லுக்குள்ளிருந்து. "என்ன?" "போறேன்னு சொல்லிட்டு வா." அவள் திரும்பப் போய், அடுத்த நோயாளி உட்காரப் போகும் நேரத்தில், கையைக் கட்டிக்கொண்டு, "போறேன் டாக்டர்," என்றாள். டாக்டரம்மா நிமிர்ந்தார். "போயிட்டு..." என்று தொடங்கி, மீதியைத் தானும் விழுங்கி, "போங்க, போங்க," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், உட்கார வந்த நோயாளிகூட. ராஜமாணிக்கம் மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்துகொண்டார். அந்தத் தாமதம் ஏன்? நேரத்துக்குச் சிரிக்கத் தெரியாதவரா அவர்? ஆட்டோவில் ஏறிய பின்னும் அவர் முகத்தில் பாதிதான் வந்திருந்தது, மீதி எங்கோ நின்றுகொண்டிருந்தது. "நேரா வீட்டுக்கா?" என்று டிரைவர் கேட்டபோது, "தில்லைநகர் போப்பா," என்று அவளே சொன்னாள். சொன்ன குரல் அவளுக்கே புதுசாக இருந்தது.

காப்பிதான், வேறென்ன. வேறு எதையாவது கேட்டிருந்தால் அவர் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார், பட்டுப்புடவை கேட்டால் எடுத்துத் தந்திருப்பார். ஆனால் பட்டுப்புடவையை நாக்கால் தொட முடியுமா? மருந்து ஏற்றிய மாசங்களில் அவள் நாக்கு செத்துக் கிடந்தது. தண்ணீர் ஆணி ஊறிய தண்ணீராக இருந்தது, சோறு சுண்ணாம்பாக இருந்தது, காப்பி வாசனை வந்தாலே குடல் எழும்பி நெஞ்சுக்கு வந்தது. ராஜமாணிக்கம் வீட்டில் காப்பியை நிறுத்திவிட்டார். தெருமுனைக் கடையில் குடித்துவிட்டு, வாய் கொப்பளித்து, வெற்றிலை வேறு போட்டுக்கொண்டு, சிகரெட் பிடித்த காலேஜ் மாணவன் மாதிரி பம்மிப் பம்மி உள்ளே வருவார். பிறகு மருந்து நின்றது. முடி வந்தது, அதுவும் சுருட்டையாக வந்தது. பசி வந்தது. காப்பி மட்டும் அவளுக்கு வரவில்லை, அவர் மட்டும் வீட்டில் மறுபடி போட்டுக் குடிக்க ஆரம்பித்தார். போன மார்கழியில் ஒரு காலை, அவர் தம்ளரில் மிச்சம் வைத்திருந்ததைக் கொட்டப் போனவள் சும்மா ஒரு வாய் வைத்தாள். கசந்தது. கசப்பு கசப்பாகவே கசந்தது! அதன் பின்னால் ஒரு கருகல், கருகலுக்குப் பின்னால் தொண்டை ஓரத்தில் மெல்ல ஓர் இனிப்பு, எல்லாம் அதனதன் இடத்தில், வெளியூர் போயிருந்த குடும்பம் ஒவ்வொருவராகப் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைவது போல. "ஏங்க, காப்பி வந்துட்டுது!" என்று கத்தினாள். "எங்க வந்திருக்கு?" என்று அவர் வாசலுக்கு ஓடினார். ஆனால் மருந்து திருப்பித் தந்தவற்றில் விரல் நுனி இல்லை. பத்து நுனியும் மரத்துப்போனது போனதுதான், எதைத் தொட்டாலும் பஞ்சு சுற்றித் தொட்ட மாதிரி. பில்டரின் மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தைக் கவ்விக்கொண்டால் அவளால் பிரிக்க முடியாது. சூடு தெரியாமல் ஒரு நாள் வெந்நீரைக் கையில் ஊற்றிக்கொண்டாள், கொப்புளத்தைப் பார்த்துத்தான் சுட்டதே தெரிந்தது. அன்றோடு காப்பி இலாகா முழுசாக ராஜமாணிக்கத்துக்குப் போனது. அவர் போடும் காப்பியைப் பற்றி ஒன்று சொல்லலாம், நேரத்துக்கு வரும். அதற்குமேல் சொல்லப் போனால் பாவம். பண்டிகைக் கூட்டத்தில் பஸ்ஸுக்குள் ஆள் ஏற்றுவது போலப் பொடியை அமுக்கி அமுக்கி வைப்பார், டிகாஷன் இறங்காது, பில்டரை முறைத்துக்கொண்டு நிற்பார், ரைட் ரைட் என்று அதன் மண்டையில் இரண்டு தட்டு தட்டுவார். பிறகு தம்ளரை நீட்டிவிட்டு, "நல்லாருக்கா?" என்பார். "ம்," என்பாள். நாக்கு செத்திருந்தவரை பொய்க்கு வேலை இல்லை. நாக்கு உயிர்த்த நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் ஒரு பொய்யோடுதான் விடிகிறது. இந்த மெஷினில் ஒரு பொத்தான் இருக்கிறது. பொத்தானை அமுக்க விரல் நுனி வேண்டாம், முட்டி போதும், முழங்கை போதும். தன் காப்பியைத் தானே போட்டுக் குடிக்க வேண்டும். ஆசை இவ்வளவுதான், இதற்கு இத்தாலி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

எதிர்ச் சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே மீன், ஒரே நேரத்தில், ஒரே பக்கம் திரும்பியது. திரும்ப. இன்றைக்கு இந்தச் சொல் விடமாட்டேன் என்கிறது. திரும்ப வந்தால் என்ன செய்வது என்று ஒதுக்கி வைத்த பணம் ஒன்று பாங்கில் இருக்கிறது. அதற்கு வீட்டில் பெயர் கிடையாது, 'அது' என்பார்கள், 'அதுல கை வைக்காத' என்பார்கள். நோய்க்கும் பெயர் கிடையாது, அதையும் 'அது' என்றுதான் சொல்வது, அதனால் சில சமயம் எந்த அதைப் பற்றிப் பேசுகிறோம் என்று இரண்டு பேருக்கும் குழம்பும். ஆட்டோவில் அவள், "அதுலேருந்து கொஞ்சம் எடுத்துக்கலாங்க," என்றபோது அவர், "அதுலேருந்தா?" என்று மட்டும்தான் கேட்டார். கேட்டதில் எல்லாம் இருந்தது. அதிலிருந்து எடுத்து ஒரு காப்பி மெஷின் வாங்கினால், இனி அது வராது என்று தெருவில் நின்று கூவின மாதிரி. கூவலாமா? எங்கோ ஒரு மூலையில் அது காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தால்? அப்படியா சங்கதி, அம்மாவுக்கு இத்தாலிக் காப்பியா, என்று எழுந்து சோம்பல் முறித்தால்? கை தானாக இடது பக்க விலாவுக்குப் போனது, போன கையை அவளே மடியில் கொண்டுவந்து வைத்தாள். சுத்தமா இருக்கு என்றார் டாக்டரம்மா. சுத்தமா. ஆனால் ஐந்து வருஷமாக எடுத்ததற்கெல்லாம் பயந்து பயந்து பயப்படுவதிலும் ஒரு கைப்பழக்கம் வந்துவிட்டது, இடுப்பில் சாவிக்கொத்து இல்லாவிட்டாலும் கை போய்த் தடவிப் பார்க்குமே, அப்படி. வாங்காமல் போய்விட்டால் அந்தப் பணம் அப்படியே இருக்கும். இருக்கட்டும். இருந்தால் எதற்கு இருக்கும்? அதற்காக இருக்கும். அதற்காக ஓர் அறையைப் பெருக்கி, பாய் விரித்து, விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல. வராத ஆளுக்கு எத்தனை நாள் இலை போட்டு வைப்பது? ஆனால் வந்துவிட்டால்? மீன் மறுபடி திரும்பியது. மடியில் போன் அடித்தது. ஓசூரிலிருந்து மகள் இளவேனில். "வாங்கிட்டியாம்மா?" "இல்லடி. குளிகை." "யாரு அது?" "அப்பாவக் கேளு." ராஜமாணிக்கம் வாங்கிக் காதில் வைத்தார். மகள் பேசியது கடைக்கே கேட்டது. "ஏம்ப்பா, அது இத்தாலி மெஷின்தான? இத்தாலியில இப்ப விடிஞ்சே இருக்காது, அங்க என்ன குளிகை?" "கிண்டலா? வைடி போனை." வைத்துவிட்டு, "என் பொண்ணு," என்றார் பிரிஸ்கில்லாவிடம், புகார் மாதிரியும் பெருமை மாதிரியும்.

ஒரு மணி நேரம் ஆகியும் தமயந்தி சோபாவை விட்டு எழவில்லை, பிரிஸ்கில்லா கிட்டே வந்தாள். "சும்மா உக்காந்திருக்கீங்களே, ஒரு காப்பி குடிங்கம்மா. குடிக்கிறதுக்கும் நேரம் பாக்கணுமா சார்?" "குடிக்கலாம். மறுபடி குடிக்க வேண்டி வரும், அவ்வளவுதான்," என்றார் அவர், சொல்லிவிட்டுத் தன் பகடிக்குத் தானே கொஞ்சம் சிரித்தார். தமயந்தி எழுந்தாள். "சிக்கரி போட்ட பொடின்னா இதுல என்ன பண்றது? கொட்டைதான போடணும்?" "பொடிக்குத் தனி வழி இருக்கும்மா, இந்தா இப்படி." "டம்ளர் வச்சா இடிக்குமே?" "மூக்கத் தூக்கிக்கலாம்." பிரிஸ்கில்லா மூக்கைத் தூக்கிக் காட்டினாள், அது யாரோ பெரிய வீட்டு அம்மாள் மாதிரி தூக்கிக்கொண்டது. "நானே அமுக்கட்டா?" "அமுக்குங்கம்மா, உங்க மெஷினு." உங்க மெஷினு. சுட்டு விரலின் முட்டியால் தமயந்தி அமுக்கினாள். பொத்தான் உள்ளே போனது விரலுக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரிந்தது. டக். வயிற்றுக்குள் கொட்டை அரைபட்டது, ஒரு கணம் மௌனம், பிறகு மூக்கிலிருந்து இரண்டு இழையாக, தேன் ஒழுகுவது போல, அவசரமே இல்லாமல் இறங்கியது. யாரும் மண்டையில் தட்டவில்லை. யாரும் ரைட் சொல்லவில்லை. ஆவி முகத்தில் வந்து மோதியபோது கண்ணை மூடிக்கொண்டாள். வாசனை மூக்கின் வழியாக நெற்றிக்குப் போய், அங்கிருந்து பின்கழுத்து வழியாக இறங்கி, தழும்பு ஓடும் இடத்தைக்கூடத் தொட்டுவிட்டுப் போனது. ஒரு வாய். இன்னொரு வாய். இதை நான் போட்டேன். ஐந்து வருஷத்தில் முதல் காப்பி, நான் போட்டது. கடை, டிவி, மீன், சோபா, வெளியே சாலையில் ஹாரன் அடிக்கிற பஸ், எல்லாம் அவளுக்கு நெருங்கின சொந்தமாகிவிட்டன. இதை விட்டுவிட்டு இறங்கிப் போவதா, வாசலில் ஆட்டோ பிடித்து, நாளைக் காலையில் 'ம்' என்று சொல்வதற்கு?

"ஏங்க," என்றாள், தம்ளரோடு வந்து உட்கார்ந்து. "நீங்க டிப்போவுல இருந்த காலத்துல குளிகையிலயும் ராகு காலத்துலயும் எத்தனை பஸ்ஸ வெளிய அனுப்பியிருப்பீங்க?"

"அது கவர்மெண்ட் பஸ்ஸு. இது நம்ம காசு."

"அதுல போனதும் நம்ம சனந்தான?"

வழக்கமாக இந்த மாதிரிக் குத்தலுக்கு எதிர்க்குத்தல் ஒன்றைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பவர் அவர். இப்போது மணிக்கட்டைப் பார்த்தார், பார்த்துவிட்டு அதைத் திருப்பி மடியில் கவிழ்த்து வைத்தார். காலையில் பாதி முகம்தான் வந்தது என்று நினைத்தாளே, அந்த மீதிப் பாதி இப்போது வந்து உட்கார்ந்திருந்தது.

"அன்னிக்கு வியாழக்கிழமை," என்றார்.

"என்னிக்கு?"

"ஒனக்கு ஆப்பரேஷன் ஆன அன்னிக்கு. விடியவே எடுத்துக்கறேன்னாங்க. முன்னாடி போன கேஸு இழுத்துட்டுது. ஒம்பது மணிக்குத்தான் ஒன்னத் தள்ளிட்டுப் போனாங்க." அவள் பக்கம் திரும்பினார். "வியாழக்கிழமை ஒம்பதுக்கு என்ன நேரம்?"

அவளுக்கு அந்தக் கணக்கு வராது. ஆனால் அவர் முகத்தில் வந்துவிட்டது.

"குளிகையா?"

"குளிகை. அந்த நர்ஸுகிட்ட கேட்டேன், கொஞ்ச நேரம் தள்ளிப்போட முடியுமாம்மான்னு. இது என்ன சார் பஸ்ஸான்னு கேட்டுட்டு உள்ள போயிருச்சு. கதவுல மேல சிவப்பு லைட்டு. அதயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"இத ஏன் இத்தன வருஷமா சொல்லல?"

"சொன்னா நீயும் பயந்துக்கிட்டுக் கெடப்ப. ஒரு ஆளு போதுமேன்னு."

தமயந்தி தம்ளரைத் தரையில் வைத்தாள். மார்கழியிலிருந்து ஒவ்வொரு காலையும் அவள் பக்கத்தில் ஒரு 'ம்' இருந்தது, அவர் பக்கத்தில் ஐந்து வருஷமாக இது இருந்திருக்கிறது. அடுப்படியில் பில்டரை முறைத்துக்கொண்டு நின்றாரே, அது பில்டரை இல்லை. மண்டையில் தட்டியதும் பில்டரின் மண்டையில் இல்லை. இறங்கு, இறங்கு, சீக்கிரம் இறங்கு, இன்றைக்கும் ஒன்றும் ஆகாமல் இறங்கிவிடு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரி வாசலில் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனபோது அந்தக் கைக்குள் இந்தக் கணக்கு இருந்திருக்கிறது. குளிகையில் செய்தது திரும்ப நடக்கும். நடக்கும் நடக்கும் என்று, நாக்கு செத்த காலத்திலும் நாக்கு பிழைத்த காலத்திலும், இன்றைக்குக் காலையில் டாக்டரம்மா சுத்தமா இருக்கு என்று சொன்ன பிறகும். பாவி மனுஷன். அழுகை வரும் போல இருந்தது. அதற்குள் ஒரு சொல் தடுக்கிற்று, இரு, இரு, என்று அவள் மனசு அந்தச் சொல்லைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தது. செய்தது. குளிகையில் செய்தது. அன்றைக்கு வியாழக்கிழமை அந்தக் கதவுக்குப் பின்னால் செய்தது என்ன? நோயையா செய்தார்கள்? நோய் எந்தக் கிழமையில் எந்த நேரத்தில் வந்து உட்கார்ந்தது என்று யாருக்குத் தெரியும், அதற்கு எந்த டைம் கீப்பரும் கையெழுத்துப் போடவில்லை. அன்றைக்குச் செய்தது வேறு. பிடுங்கி எடுத்தார்கள். வெளியே போட்டார்கள். தைத்தார்கள். தள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டபோது அவள் கண்ணைத் திறந்தாள், முதலில் தெரிந்தது ஒரு மின்விசிறி, அடுத்துத் தெரிந்தது இவர் முகம். அதுதான் நடந்தது. அப்படியானால் திரும்ப நடக்க வேண்டியதும் அதுதானே? நடக்கத்தான் செய்கிறது! தினம் காலையில் கண்ணைத் திறக்கிறாள், மின்விசிறி தெரிகிறது, அடுத்து இவர் முகம் தெரிகிறது, கஞ்சியோ காப்பியோ, தம்ளரோடு. ஐந்து வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. கணக்கு சரி, இவர் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துக்கொண்டிருந்திருக்கிறார். அடிவயிற்றிலிருந்து அந்தச் சிரிப்பு, காலையிலிருந்து பொங்கிக்கொண்டிருந்தது, இந்தத் தரம் அடுப்பெல்லாம் வழிந்து எழும்பியது.

"ஏங்க, அந்த நேரத்துல என்ன நடந்துச்சு?"

"அதான் சொல்றேனே, ஆப்பரேஷன்."

"நல்லபடியா நடந்துச்சா?"

"நல்லபடியாத்தான்."

"பொழைச்சேனா?"

"என்ன கேள்வி கேக்குற நீ?"

"சொல்லுங்க. பொழைச்சேனா இல்லையா?"

"பொழைச்ச."

"குளிகையில பொழைச்சா மறுபடி மறுபடி பொழைக்கணும்ல? கணக்கு அப்படித்தான வருது?"

ராஜமாணிக்கத்தின் உதடு அசைந்தது; போக வேண்டிய வண்டி எது, வர வேண்டிய வண்டி எது என்று பழைய நாளில் முணுமுணுப்பாரே, அந்த அசைவு. ஒரு தரம் கூட்டினார். இன்னொரு தரம் கீழிருந்து மேலாகக் கூட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முழங்கையால் முகத்தைத் துடைத்தார். "அட," என்றார். அவ்வளவுதான் வந்தது. "அட, ஆமாம்ல."

"ஆமாம்ல என்ன ஆமாம்ல. இதயும் இப்பவே வாங்கணும்."

"இதயும் ரெண்டாந்தரம் வாங்க வேண்டி வருமே தமயந்தி."

"வரட்டும். இது ஓடி ஓடித் தேயணும், நான் வந்து இன்னொண்ணு வாங்கணும். அதுக்கு நான் இருந்தாகணும்ல?"

தூரத்தில் துணியை மடித்துக்கொண்டிருந்த பிரிஸ்கில்லா, சோபாவில் இரண்டு பெரியவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் இடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரிப்பதைப் பார்த்தாள். காப்பி அதிகமாகிவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "என்னம்மா, தண்ணி கொண்டாரவா?"

"பில்லு கொண்டாம்மா," என்றாள் தமயந்தி.

கவுண்டரில் போய் நின்றபோது அவள் கால் தரையில் இருந்ததா என்று சொல்வது கஷ்டம். பயம் போய்விட்டதா? எங்கே போகும், அதுவும் பின்னாலேயே வந்து வரிசையில் நிற்கிறது, நிற்கட்டும், அதற்கும் ஒரு டோக்கன் கொடுங்கள். 'அது'விலிருந்துதான் பணம் போகிறது. போகட்டும், பாயைச் சுருட்டுவோம். "பில்லு யாரு பேருல சார்?" என்று கேட்டாள் பிரிஸ்கில்லா. கரண்ட் பில், காஸ், ரேஷன் எல்லாம் ராஜமாணிக்கம் பேரில்தான். பழக்கத்தில் 'ரா' என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "தமயந்தின்னு போடு." "வாரண்டியும் அம்மா பேருலயே போட்டுரவா?" "அதும் அவ பேருலதான்." பிரிஸ்கில்லா தட்டினாள். தட்டிக்கொண்டே, எல்லோரிடமும் கேட்டு எல்லோரும் வேண்டாம் என்று சொல்லிப் பழகிய குரலில், "எக்ஸ்ட்ரா காசு கட்டினா வாரண்டி இன்னும் அஞ்சு வருஷம் நீட்டிக்கலாம் சார். வேணாந்தானே?" என்றாள்.

"அதெல்லாம் வேணாம், காசு புடுங்குற வேலை," என்று தமயந்தி முந்திக்கொண்டாள்.

"நீ சும்மா இரு," என்றார் ராஜமாணிக்கம். "போடும்மா."

"சார், அது ரேட்டு கொஞ்சம்..."

"எவ்வளவு வேணா இருக்கட்டும். அஞ்சும் போடு. அதுக்கு மேல எதாச்சும் இருந்தா அதயும் சேத்துப் போடு." மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தவர் முகத்தில் முதல் தடவையாகப் பதற்றம் வந்தது, கடைசிப் பஸ் கிளம்பப் போகும்போது கூட்டத்தை விரட்டுகிற பதற்றம். இரண்டு கையாலும் கவுண்டரைத் தட்டினார். "சீக்கிரம் அடிம்மா, சீக்கிரம் அடி. குளிகை முடியப் போவுது!"